அண்டை வீட்டு மரமும் சட்டமும்

பொதுஜன ஊழியத்தில் ஈடுபட்டவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தை அநுபவத்தில் அறிவார்கள். எந்தத் தெருவுக்குச் சென்று, "உங்களுக்கு என்ன குறை?" என்று விசாரித்தாலும், குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாக ஒரு மரம் வந்து நிற்கும். பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் ஓட்டின் மேல் மட்டையையும் நெற்றையும் தள்ளுகிறது என்பார் ஒருவர். தெருவோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் வேர் எங்கள் மதிலைப் பிளந்துவிட்டது என்பார் மற்றொருவர். புயல் காலத்தில் எதிர்வீட்டு முருங்கை மின்கம்பியின் மேல் சாய்கிறது என்று மூன்றாமவர் முறையிடுவார். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வருவது வழக்கம். சில நாட்களில் செல்வாக்குள்ள யாரோ ஒருவர் யாரிடமோ ஒரு வார்த்தை சொல்ல, மரம் இரவோடிரவாக மறைந்துபோகும். அல்லது, ஒருவரும் ஒன்றும் சொல்லாதது கண்டு பொறுமை இழந்த வீட்டுக்காரரே மரத்திற்கு விஷம் வைத்துவிடுவார்.

நமக்குத் தெரிந்த ஒரு தெருவில் இப்படித்தான் நடந்தது. அங்கே சாலையோரத்தில் நல்ல வேம்பு ஒன்று நின்றது. அதன் சருகு தம் மாடியின் நீர்த்தாரையை அடைத்துக் கொள்கிறதென்று எதிரில் இருந்தவருக்குக் கோபம். அடிமரத்தில் துளையிட்டு அதில் ஏதோ ஊற்றினார். மரம் அன்றைக்கே விழுந்துவிடவில்லை. விஷம் உண்ட மரம் உடனே விழுவதில்லை, அபாயமும் அதுவே. இலை உதிர்ந்து, பட்டை கழன்று, இரண்டு மழைக்காலம் எலும்புக்கூடு போல் நின்றது. பிறகு காற்றில்லாத ஒரு காலை வேளையில் வேர் மக்கிச் சாய்ந்து, துளையிட்டவருடைய மதிலையே இடித்துத் தள்ளிற்று. அச்சமயம் அங்கே யாரும் நிற்கவில்லை. நீர்த்தாரையை மறைத்த இரண்டு கிளைகளைக் கழிக்கும்படி நகரசபைக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தால் காரியம் தீர்ந்திருக்கும். அந்த மனுவை எழுதித் தர அத்தெருவில் ஒருவரும் முன்வரவில்லை என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை.

இவ்விஷயத்தில் ஜனங்களிடையே இரண்டு தப்பெண்ணங்கள் பரவியிருக்கின்றன. பிறர் மரத்தின் இலையைக்கூடத் தொடுவதற்குச் சட்டம் இடம் தராது என்பது ஒன்று. நமக்குத் தொல்லை தரும் மரத்தை எப்படியாவது தொலைத்துவிட நமக்கு உரிமையுண்டு என்பது மற்றொன்று. முதல் எண்ணம் மனிதனைக் கோழையாக்குகிறது, இரண்டாவது குற்றவாளியாக்குகிறது. உண்மை இவ்விரண்டுக்கும் நடுவே, இரு வீட்டாரின் நிலங்களுக்கு நடுவே ஓடும் எல்லைக் கோட்டின் மேல் இருக்கிறது. கோட்டுக்கு இப்பால் நமது அதிகாரம் பெரிது. அப்பால் ஓர் அங்குலமும் இல்லை.

இந்தக் கொள்கையைத் தெளிவாக நிலைநாட்டிய வழக்கு இங்கிலாந்தில் நடந்தது. லெம்மன் என்பவருடைய பழைய பெருமரங்களின் கிளைகள் அண்டை நிலத்தின் மேல் வெகு தூரம் படர்ந்திருந்தன. அண்டை நிலத்துக்காரரான வெப் முன்னறிவிப்பு ஏதும் கொடாமல், தம் நிலத்தில் நின்றபடியே அவற்றை வெட்டிவிட்டார். இத்தனை ஆண்டுகளாகப் படர்ந்திருந்த கிளைகளை அறிவிப்பில்லாமல் வெட்டலாமா என்று லெம்மன் வழக்கிட்டார். அவ்வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. 1895-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் அதன் தீர்ப்பு வெளியாயிற்று. பிறர் நிலத்தில் கால் வைக்காமல் வெட்ட முடியுமானால், தன் எல்லைக்குள் நீண்ட கிளையை ஒருவன் அறிவிப்பின்றியே வெட்டிக்கொள்ளலாம் என்பதே முடிவு. நம் நாட்டு ஹைகோர்ட்டுகளும் பழைய தீர்ப்புகளில் இக்கொள்கையையே தழுவியிருக்கின்றன. கிளைக்குச் சொன்னதே எல்லை கடந்து வரும் வேருக்கும் பொருந்தும்.

"முப்பது வருஷமாக எங்கள் மாமரம் உங்கள் முற்றத்தின் மேல்தானே நிழல் கொடுக்கிறது, இப்போது மட்டும் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. இருபது வருஷம் தடையின்றி அநுபவித்துவந்த வழி, வெளிச்சம், நீரோட்டம் போன்றவை பாத்தியதையாக முதிர்ந்துவிடும் என்று 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் கூறுவது மெய். அச்சட்டம் பிறந்த நாளிலேயே சென்னை மாகாணத்திற்கு அமலாயிற்று. ஆயினும் படர்ந்த கிளைக்கு அந்தப் பாத்தியதை கிடைப்பதில்லை. ஏன்? கிளை ஒரே நிலையில் நிற்கும் பொருளன்று. ஆண்டுதோறும் நீள்கிறது, பருக்கிறது. இன்றைக்கு நம் மாடிமேல் நிற்கும் கிளை இருபது வருஷத்திற்கு முன் இருந்த கிளையே அல்ல. ஆகவே நேற்று வரை பொறுத்திருந்த காரணத்தால் நமது உரிமை போய்விட்டது என்று யாரும் வாதிக்க முடியாது.

வெட்டிய கிளையும் அதிலுள்ள காயும் யாருக்குச் சொந்தம்? இங்கேதான் நல்லவர்களும் தவறுகிறார்கள். 1919-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மில்ஸ் எதிர் புரூக்கர் என்ற வழக்கு எழுந்தது. தம் தோட்டத்தின் மேல் நீண்ட ஆப்பிள் கிளையைப் பற்றியது அது. கிளையை வெட்டும் உரிமை அண்டை வீட்டாருக்கு இருந்தது. ஆனால் பழத்தைப் பறித்து விற்றுக் காசாக்கிக்கொண்டார். பழம் மரத்துக்குடையவருடையதே என்று கூறி, அதன் விலையைக் கொடுக்கும்படி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெட்டலாம், விற்கலாகாது. நம் கிராமங்களில் எல்லைக்கு இப்பால் விழுந்த மாங்காய் விழுந்த இடத்துக்காரருக்கே என்ற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது சட்டத்தைவிட இனிய வழக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இரு வீட்டாரும் மனமொத்திருக்கும் வரையில்தான் அது நிற்கும். வெட்டிய கிளையை அடுக்கி வைத்து, "உங்கள் விறகு, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியனுப்புவது மரியாதை, சட்டப்படி பத்திரமும்கூட.

இனி, எல்லைக்கு அப்பால் கை நீட்டினால் என்னவாகும் என்று பார்ப்போம். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், திருட்டு இன்னதென்று விளக்கும் இடத்தில் கூறிய முதல் உதாரணம் பொன்னைப் பற்றியதன்று, மாட்டைப் பற்றியதுமன்று. பிறன் நிலத்து மரம் ஒன்றைக் கவரும் கருத்தோடு ஒருவன் வெட்டுகிறான். மண்ணில் ஊன்றி நிற்கும் வரை மரம் திருட்டுக்குரிய பொருளாவதில்லை. ஆனால் அவ்வாறு எடுத்துச் செல்லும் பொருட்டு வெட்டி வேறாக்கிய அந்தக் கணமே திருட்டு நிறைவேறிவிடுகிறது. வண்டியில் ஏற்றவேண்டும் என்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும் என்பதுமில்லை. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்திற்கு வந்துள்ள பாரதீய நியாய சம்ஹிதையின் 303-ஆம் பிரிவிலும் இவ்வுதாரணம் அப்படியே இடம் பெற்றிருக்கிறது. எடுக்கும் எண்ணமில்லாமல் கெடுக்கும் எண்ணத்தோடு மட்டும் செய்தால், அது சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றமாகும். விஷம் வைப்பவர் இதில் அகப்படுவார். தம் நிலத்தில் வந்த வேரில்தான் ஊற்றினேன் என்று அவர் தப்ப முடியாது. வாளும் அரிவாளும் கோட்டோடு நிற்கும். விஷம் கோட்டோடு நிற்பதில்லை.

ஆகவே முதற் காரியம் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று அறிவது. மரச் சண்டைகளில் பாதி உண்மையில் மனைச் சண்டைகளே. பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்துக்கொண்டு தாலூகா ஆபீஸில் மனுச் செய்து, சர்வேயரைக் கொண்டு அளந்து கல் நாட்டிய பிறகே வாளை எடுக்கவேண்டும். மரம் நிற்கும் நிலம் ஒருவருடையதும் மரத்தின் பலன் வேறொருவருடையதுமாக இருக்கும் நிலையும் தமிழ்நாட்டில் உண்டு. சர்க்கார் புறம்போக்கில் நிற்கும் புளி, பனை முதலியவற்றின் மகசூலை அநுபவிக்க 2சி பட்டா என்ற மரப் பட்டா கொடுக்கப்படுவதை நாட்டுப்புறத்து நேயர்கள் அறிவார்கள். புறம்போக்கு மரந்தானே என்று கை வைத்தால், சர்க்காருக்கு மட்டுமின்றி அந்தப் பட்டாதாருக்கும் பதில் சொல்ல நேரும்.

எல்லை தெரிந்தபின் நேரில் பேசுவது. பேச்சு பலிக்காவிடில் கிளையும் வேரும் விளைக்கும் நஷ்டத்தைத் தேதியோடு எழுதி ஒப்புகை பெற்றுக் கடிதம் அனுப்புவது. அதுவும் பலிக்காவிடில் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்ட உதவிக் குழுவின் முன் சமரசத்திற்கு அழைப்பது. இம்மூன்றுக்கும் பணச் செலவு சொற்பம். கடைசியில் முனிசீப் கோர்ட்டில், கிளையையும் வேரையும் அகற்றும்படி கட்டளை கோரி வழக்கிடலாம். வேர் அஸ்திவாரத்தைப் பெயர்த்திருந்தால் நஷ்ட ஈடும் கேட்கலாம். ஆனால் சருகு விழுகிறது, நிழல் விழுகிறது, காக்கை கரைகிறது என்பதற்கெல்லாம் கோர்ட்டுக்கு ஓடுவது வீண். மரம் இருக்கும் இடத்தில் சருகு விழத்தான் செய்யும். தளத்தைப் பெருக்குவதற்கு ஒரு துடைப்பம் போதும்.

தன் எல்லைக்குள் நிற்கும் கிளையை வெட்டுவதற்கும் அடியோடு சாயவிருக்கும் மரத்தைத் தடுப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. அடிமரம் அண்டை நிலத்தில் இருக்கிறது, அது உளுத்துப்போயிருக்கிறது, விழுந்தால் நம் வீட்டின் மேல்தான் விழும் என்றால் என்ன செய்வது? இதற்கென்றே சட்டத்தில் ஒரு பிரிவு வெகு காலமாக இருந்துவருகிறது. ஆனால் அதைப் பயன்படுத்துவோர் அரியர். பழைய குற்ற விசாரணைச் சட்டத்தில் அது 133-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதீய நாகரிக சுரக்ஷா சம்ஹிதையில் 152-ஆம் பிரிவு. விழுந்து அக்கம்பக்கத்தாருக்கோ வழிப்போக்கருக்கோ தீங்கு செய்யக்கூடிய நிலையில் ஒரு மரம் இருக்குமானால், அதை அகற்றவோ முட்டுக் கொடுத்து நிறுத்தவோ வேண்டுமென்று அதற்குடையவருக்கு மாஜிஸ்திரேட் நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கலாம். கலெக்டர், கோட்டத்து அதிகாரியாகிய சப்-கலெக்டர் அல்லது ஆர்.டி.ஓ. ஆகியோரிடம் இந்த அதிகாரம் இருக்கிறது. மரத்துக்குடையவர் ஆட்சேபித்தால் விசாரணை நடக்கும். கட்டளை உறுதியானபின்னும் அவர் செய்யாவிட்டால், மாஜிஸ்திரேட்டே செய்து முடித்துச் செலவை அவரிடம் வசூலிப்பார். முறைப்படி பிறந்த கட்டளையை எந்தச் சிவில் கோர்ட்டிலும் எதிர்த்துக் கேட்பதற்கில்லை.

புதிய சட்டம் இவ்விசாரணையைத் தொண்ணூறு நாட்களுக்குள் முடிக்கவேண்டுமென்றும், காரணம் எழுதி நூற்றிருபது நாட்கள் வரை நீட்டலாமென்றும் விதித்திருக்கிறது. கெடு விதித்தது நல்லதே. ஆனால் வடகிழக்குப் பருவமழை அந்தக் கெடுவுக்குள் தொடங்கியும் ஓய்ந்தும் போய்விடும் என்பதைச் சட்டம் செய்தவர்கள் நினைத்தார்களா என்று தெரியவில்லை. எனினும் இதற்குப் பரிகாரம் அச்சட்டத்திலேயே உண்டு. உடனடியான அபாயம் இருந்தால், விசாரணை முடியும் வரை காத்திராமல், அபாயத்தைத் தடுக்கத் தக்க கட்டளையை மாஜிஸ்திரேட் அப்போதே இடலாம். தேவையானால் தாமே நடவடிக்கை எடுக்கலாம். மனுக்களில் இதை யாரும் கேட்பதில்லை. கேட்காததால் அதிகாரிகளும் கொடுப்பதில்லை. மனுவின் முடிவில், "அபாயம் உடனடியானது என்பதால் விசாரணை முடியும் வரை தடுப்புக் கட்டளை வேண்டும்" என்று தனியே ஒரு வரி எழுதவேண்டும். மரத்தின் பொந்து, வெடிப்பு, சாய்வு ஆகியவற்றைக் காட்டும் புகைப்படங்களையும் உடன் சேர்க்கவேண்டும்.

இவ்வளவு வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2022 ஜூலை 8-ஆம் தேதி சண்டிகர் நகரில் ஒரு பள்ளிக்கூட வளாகத்திலிருந்த அரசமரம், இடைவேளையில் குழந்தைகள் அதன் நிழலில் இருந்தபோது முறிந்து விழுந்தது. ஒரு மாணவி மாண்டாள், பலர் காயமுற்றனர். சுமார் இருநூற்றைம்பது ஆண்டு வயதுடையதென்று கருதப்பட்ட அம்மரம், பாரம்பரிய மரமென்று அறிவிக்கப்பட்டுப் பாதுகாப்பில் இருந்தது. வெட்டலாகாது என்ற பாதுகாப்பு மட்டும் ஒரு மரத்துக்குப் போதாது. அதைப் பார்வையிட்டுப் பக்குவம் செய்யும் கடமையும் யாருக்காவது இருக்கவேண்டும்.

சென்னைவாசிகளுக்கு 2016 டிசம்பர் 12-ஆம் தேதியை நினைவூட்ட வேண்டியதில்லை. அன்று வர்தா புயல் சாய்த்த மரங்கள் ஆயிரக்கணக்கில் தெருக்களை அடைத்துக் கிடந்தன. குல்மோகர், தூங்குமூஞ்சி போன்ற அயல்நாட்டு மரங்கள் அவற்றில் ஏராளம். வேர்கள் நாற்புறமும் பரவ இடமின்றி, அடிவரையில் சிமெண்டு பூசி மூடிய மரம் எதுவாயினும் காற்றுக்கு நிற்காது. தெருவைச் செப்பனிடும்போது வேரை அறுத்து, மூட்டோடு மூடிவிட்டு, விழுந்தபின் மரத்தைக் குறை கூறுவது என்ன நியாயம்?

தெருவோரத்து மரம் யாருடைய தனிச் சொத்துமன்று. அது நம் வாசலில் நின்றாலும் நமதன்று. மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து, நெடுஞ்சாலைத் துறை ஆகியவற்றுள் எது அந்தத் தெருவுக்கு உடையதோ அதற்கே அம்மரமும் உரியது. சர்க்கார் நிலங்களிலுள்ள மரங்களை வெட்டுவதைக் கண்காணிக்க 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசாங்கம் மாநிலக் குழு ஒன்றையும், கலெக்டர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழுக்களையும் அமைத்தது. ஆகவே ஓர் இளநிலை அதிகாரியின் தலையசைப்பை அனுமதியாகக் கருதுவது தவறு. இங்கே நம் கட்சி நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. விளம்பரப் பலகையை மறைக்கிறதென்றும், ஊர்வலத்து ரதத்திற்குத் தடையென்றும் கிளைகளை வெட்டி, எஞ்சிய அடிமரத்தில் ஆணி அறைந்து தலைவர் படத்தை மாட்டுகிறவர்கள், பிறருக்குச் சட்டம் சொல்லப் போவது எப்படி?

மலை நாடுகளில் நிலைமை வேறு. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு முதலிய இடங்களில் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. அங்கே தன் பட்டா நிலத்தில் தானே நட்ட மரத்தை வெட்டவும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். டில்லியில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. சொந்த வீட்டுத் தோட்டத்து மரத்துக்கும் அனுமதி பெறவேண்டும். மீறினால் ஓராண்டு வரை சிறைவாசம். அச்சட்டத்தில் ஒரு நல்ல விதியும் உண்டு. உயிருக்கோ சொத்துக்கோ பெரும் அபாயமான மரத்தை உடையவர் உடனே வெட்டிவிட்டு, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அதிகாரிக்குத் தெரிவித்தால் போதும். மகாராஷ்டிரமும் கர்நாடகமும் 1975, 1976-ஆம் ஆண்டுகளிலேயே இத்தகைய சட்டங்களைச் செய்துகொண்டன. வேலை நிமித்தம் வெளி மாநிலங்களில் வீடு வாங்கும் தமிழர்கள், ஊரில் செய்தது போலவே அங்கும் செய்யலாமென்று அரிவாளை எடுத்துவிடக் கூடாது.

மின்கம்பியைத் தொடும் மரம் தனி விவகாரம். அதில் வீட்டுக்காரர் கை வைப்பது உயிருக்கே ஆபத்து. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68-ஆம் பிரிவின்படி, மின்சாரம் வழங்குவோர் விண்ணப்பிக்க, மாஜிஸ்திரேட் அம்மரத்தை அகற்றச் செய்யலாம். பலர் அறியாத விஷயம் யாதெனில், கம்பி இழுப்பதற்கு முன்பே அங்கே மரம் இருந்திருந்தால், மரத்துக்குடையவருக்கு நியாயமான நஷ்ட ஈடு கொடுக்க உத்தரவிடவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. பாட்டனார் வைத்த தென்னையை நேற்று வந்த கம்பிக்காக இழந்தவர்கள் அந்தத் தொகையைக் கேட்டுப் பெறவேண்டும்.

அனுமதியெல்லாம் கைக்கு வந்தபின்னும், மரத்தின் மேல் கண்ணை ஓட்டாமல் கோடரியைப் போடக்கூடாது. காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுவதற்குச் சமமாகவே கணிக்கிறது. 2022-ஆம் ஆண்டில் கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் நெடுஞ்சாலையை அகலப்படுத்த வெட்டிய மரம் ஒன்று, கூடுகளோடும் குஞ்சுகளோடும் தரையில் மோதிற்று. வனத்துறை வழக்குத் தொடுத்தது. குஞ்சுகள் பறந்து போகும் வரை சில வாரம் பொறுத்திருந்தால் சாலை ஓடிப்போயிருக்காது.

பெரும்பாலான வீடுகளில் மரத்தை வெட்டவேண்டிய அவசியமே இல்லை. அறிந்த ஆளைக் கொண்டு கவாத்துச் செய்தால் போதும். தலையை மொட்டையடிப்பது கவாத்து அன்று. மொட்டையடித்த இடத்தில் கிளைக்கும் புதுத் துளிர் பிடிப்பில்லாமல் வளர்ந்து, அடுத்த காற்றில் முதலில் ஒடிவதும் அதுவே. நம் சொந்தச் சுவரின் வெடிப்பில் முளைக்கும் அரசங்கன்றையோ, தெய்வ குற்றம் என்று அஞ்சித் தொடாமல் விட்டுவிடுகிறோம். விரலளவாக இருக்கும்போது வேரோடு பிடுங்கி ஒரு குளக்கரையில் நட்டால் தெய்வத்துக்கும் சம்மதம், சுவருக்கும் க்ஷேமம். கைப்பருமன் ஆனபின் சுவரை இடிக்காமல் அதை எடுக்க முடியாது.

இந்த மனுக்களுக்கெல்லாம் காலம் ஒன்று உண்டு. ஐப்பசியில் முதல் காற்று அடித்தபின் ஆபீஸுக்குப் போனால், அங்கே விழுந்த மரங்களைப் பற்றிய மனுக்களே மேஜை நிறையக் கிடக்கும். விழப்போகும் மரத்தைப் பார்க்க யாருக்கும் நேரமிராது. ஆடி பிறந்ததும் தத்தம் வட்டாரத்துத் தெருக்களில் நம் ஊழியர்கள் ஒருமுறை நடந்து, மரங்களை அண்ணாந்து பார்த்து, அபாயமானவற்றை இடத்தோடு குறித்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி, ஆவணிக்குள் மனுக்களைச் சேர்ப்பித்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் வாங்கிவிட வேண்டும்.